ஏழாவது ஷாட்டில் அப்பாவின் கை

அத்தியாயம் 9

கிர்ஸ்டி ஒரு பொய் சொன்ன இடத்தில் சென்ற வாரம் நிறுத்தியிருந்தேன். "சின்னப் பெண், பாவம், விட்டுவிடுங்கள்" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். நான் விட்டுவிடத் தயார். அந்தப் பொய்தான் அவளை விடுவதாக இல்லை.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்கு நாலு வரி. யார்க்ஷயரில், ஹார்ன்ஸீ கடற்கரையில் வாழும் ஹோல்ட்பி குடும்பம் இது. அப்பா மால்கம் இருபத்தேழு வருடமாக பஸ் டிரைவர். காலையில் ஊர்ப் பிள்ளைகளைப் பக்கத்து டவுன் கல்லூரிக்கு ஏற்றிப் போவதும், மாலையில் திருப்பிக் கொண்டுவந்து விடுவதும் அவர் வண்டிதான். அம்மா லொரேனுக்கு முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. மகள் கிர்ஸ்டிக்குப் பதினேழு வயது, அதே கல்லூரியில் மீடியா படிக்கிறாள். ஒரு திரில்லர் படத்தின் முதல் இரண்டு நிமிடத்தை எடுக்க வேண்டும். பிறகு, ஏன் அப்படி எடுத்தேன் என்று ஏழு கேள்விகளுக்குப் பதில் எழுதி வலைப்பூவில் ஏற்ற வேண்டும். வருட மதிப்பெண்ணில் பாதி இதற்குத்தான்.

இந்த நாட்டில் பதினேழு வயதுப் பிள்ளைகள் எடுக்கும் திரில்லர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வில்லனின் முகம் வராது. கை வரும், காலணி வரும், கதவிடுக்கில் ஒரு நிழல் வரும். இது கலை என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். நடிக்கத் தெரிந்த ஆள் கிடைக்காததும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

கிர்ஸ்டியும் அப்படித்தான் எடுத்தாள். யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறை. உள்ளே நுழைந்துவிட்ட ஒருவன், வீட்டுக்காரி வரும்வரை மேஜையில் உட்கார்ந்து காத்திருக்கிறான். கெட்டில் கொதிக்கிறது. இரண்டு கோப்பைகளில் டீ ஊற்றுகிறான். கை மேஜைமேல் ஓய்கிறது. வாசலில் சாவி திரும்பும் சத்தம் கேட்கிறது. கை கத்தியை எடுக்கிறது. இருட்டு. படத்தின் பெயர் 'இரண்டாவது கோப்பை'.

அம்மா தன் அக்கா வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவை உட்காரவைத்து எடுத்துவிட்டாள். அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "மூஞ்சி வராதுல்ல? வந்துச்சுன்னா டிப்போல என்னைக் கிழிச்சுத் தொங்கவிட்ருவானுங்க."

மூஞ்சி வரவில்லை.

நேற்று வியாழக்கிழமை வகுப்பில் படம் ஓடியது. ஏழாவது ஷாட்டில் பிக்கரிங் சார் நிறுத்தினார். மேஜைமேல் ஓய்ந்திருக்கும் இடது கை நடுங்குகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல மெல்ல உரசிக்கொள்கின்றன. ஒன்பது விநாடி அப்படியே. கத்தியை எடுக்க நீளும்போது நடுக்கம் சட்டென்று நின்றுவிடுகிறது.

"காத்திருக்கும்போது நடுக்கம், கொல்லப் போகும்போது நிதானம்! அவன் யாருன்னு ஒரு வசனம் இல்லாம சொல்லிட்ட. இது யார் யோசனை?" என்று கேட்டார் சார்.

வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"என்னுது சார்" என்றாள் கிர்ஸ்டி.

சென்ற வாரம் இதோடு முடிந்தது. இன்று வெள்ளிக்கிழமை. படத்தையும் பதில்களையும் மாலை நாலு மணிக்குள் ஏற்றியாக வேண்டும்.

*

காலை ஏழு மணி. மால்கம் ஆறுக்கே டிப்போவுக்குப் போய்விட்டார். லொரேனுக்கு இன்று மதிய ஷிப்ட். டோஸ்ட்டில் மார்மலேட் தடவிக்கொண்டிருந்த அம்மாவின் முன்னால் கிர்ஸ்டி லேப்டாப்பைத் திறந்துவைத்தாள். பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும்.

"என்ன இது, காலங்காத்தால பரீட்சை?"

"பார்வையாளர் கருத்துமா. அஞ்சு பேர்கிட்ட வாங்கணும். நாலு வாங்கிட்டேன். நாப்பது வயசுக்கு மேல ஒருத்தர் வேணும்."

"அதுக்கு நான்தான் கிடைச்சேனா? முப்பத்தொம்பதுன்னு போட்டுக்கோ."

"அம்மா, ரெண்டே நிமிஷம்."

லொரேன் டோஸ்ட்டைக் கடித்துக்கொண்டே பார்த்தாள். கெட்டிலைப் பார்த்ததும், "அடுப்ப துடைச்சிட்டு எடுத்திருக்கக் கூடாதா, ஊரே பாக்கப் போவுது" என்றாள். கோப்பைகள் வந்தபோது சிரித்தாள். ஏழாவது ஷாட் வந்ததும் மெல்வதை நிறுத்தினாள்.

படம் முடிந்தது.

"இன்னொரு தடவ போடு."

கிர்ஸ்டி போட்டாள். இந்த முறை அம்மா டோஸ்ட்டைத் தட்டில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். மூன்றாம் முறை அவளே பொத்தானை அழுத்தி, அந்த இடத்துக்கு மட்டும் வந்து நிறுத்திப் பார்த்தாள்.

"இப்படி ஆட்டச் சொன்னது நீயா?"

"ம்..."

"கிர்ஸ்டி. ஆமாவா, இல்லையா?"

"இல்ல. தானா ஆடுச்சு. என்னப்பான்னு கேட்டேன். கிச்சன் குளுருதுன்னாரு. பாக்க நல்லா இருந்துச்சு, விட்டுட்டேன்."

லொரேன் பதினொரு வருடமாக முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். சும்மா இருக்கும்போது ஆடி, ஸ்பூனை எடுக்கப் போனால் நிற்கும் கைகளுக்கு அவள் தினமும் சட்டைப் பொத்தான் போட்டுவிடுகிறாள். விரல் அப்படி உருட்டுவதைப் பார்த்தால் அவளுக்கு வேறு எதுவும் நினைவுக்கு வராது. வீட்டில் எப்படி இதைப் பார்க்காமல் போனாள் என்று நீங்கள் கேட்கலாம். அவளும் அதைத்தான் தன்னைக் கேட்டுக்கொண்டாள். வீட்டில் மால்கமின் இடது கை எப்போதும் பாக்கெட்டில் இருக்கும், இல்லையென்றால் சோபாவின் குஷனுக்கு அடியில் இருக்கும். குஷனைப் பார்த்து யாராவது சந்தேகப்படுவார்களா?

"எங்க இல்லத்துல எட்டுப் பேருக்கு இந்தக் கை இருக்கு" என்றாள் லொரேன். "பார்க்கின்சன். டாக்டர் பாக்காம நான் சொல்லக் கூடாது. ஆனா சொல்றேன்."

கிர்ஸ்டிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அப்பா வண்டி ஓட்டலாமா?" என்பதுதான்.

லொரேன் பேனாவை எடுத்தாள். தாளை இழுத்து வைத்துக்கொண்டு நிரப்பினாள். எந்த ஷாட் உங்களை அதிகம் பயமுறுத்தியது என்ற கேள்விக்கு 'ஏழு' என்று எழுதினாள். ஏன் என்ற கட்டத்தைக் காலியாக விட்டாள்.

"சாயங்காலம் நான் பேசிக்கிறேன். நீ எதுவும் சொல்லாத. வண்டி ஓட்டுற ஆளுகிட்ட வண்டில வச்சு பேசுற விஷயம் இல்ல இது. கிளம்பு, ஏழே முக்காலுக்கு மேல உங்கப்பா நிக்க மாட்டாரு."

மகள் தெருமுனையைத் திரும்பும்வரை ஜன்னலில் நின்று பார்த்தாள். பிறகு மீதி டோஸ்ட்டைக் குப்பையில் போட்டுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, அதன் பிறகுதான் அழுதாள்.

*

மால்கமின் வண்டியில் நாற்பத்தேழு பிள்ளைகள். கிர்ஸ்டி எப்போதும் பின்னால், தன் படத்துக்குக் கேமரா பிடித்த ஜெம்மாவோடு உட்காருவாள். இன்று டிரைவருக்கு நேர் பின்னால் இருக்கும் சீட்டில் போய் உட்கார்ந்தாள். கல்லூரிக்குப் போகும் பெண் தன் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்காருவதைவிட வெட்கக்கேடு அந்த வயதில் வேறு கிடையாது. ஜெம்மா பின்னாலிருந்து, "என்னடி, லைசென்ஸ் எடுக்கப் போறியா?" என்று கத்தினாள்.

கிர்ஸ்டி கையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். ஓடும்போது ஸ்டியரிங்கில் கை உறுதியாக இருந்தது. சிக்னலில் வண்டி நின்றதும் இடது கை தொடைக்கு அடியில் போனது. பச்சை விழுந்ததும் வெளியே வந்தது. பத்து கிலோமீட்டருக்குள் ஐந்து முறை அவள் இதைப் பார்த்தாள். இத்தனை மாதம் இதே வண்டியில் வந்தும் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

கல்லூரி வாசலில் எல்லோரும் இறங்கினார்கள். அவள் இறங்கவில்லை.

மால்கம் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "என்ன கண்ணு, மறந்துட்டியா? காலேஜ் வெளிய இருக்கு."

"அம்மா படத்தப் பாத்தாங்க."

அவர் சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். "எத்தன தடவ?"

"மூணு."

"மூணு தடவ பாத்தாளா..." என்றார். பிறகு கொஞ்ச நேரம் வைப்பரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப தெரிஞ்சிருக்கும். உங்கம்மாவ ஏமாத்த முடியாது. அதான் அவ இல்லாத நாளாப் பாத்து உனக்கு சரின்னேன்."

"உனக்குத் தெரியுமாப்பா?"

"ஆடுதுன்னு தெரியும்."

"டாக்டர்கிட்ட போனியா?"

"போனா அவரு ஒரு பேரு சொல்லுவாரு. பேரு வந்துட்டா லைசென்ஸ் ஆபீசுக்கு நான் எழுதணும். எழுதின அன்னிக்கே சாவியக் குடுக்கணும். பேரு வராத வரைக்கும் இது வெறும் நடுக்கம்." பேச்சு முழுவதும் மெதுவாகத்தான் வந்தது. அவருக்கே அதில் பாதிதான் நம்பிக்கை என்று கேட்டவளுக்குத் தெரிந்தது. "எனக்கு இது ஒண்ணுதான் தெரியும், கிர்ஸ்டி. அம்பத்திரண்டு வயசுல கடைல போயி சாமான் அடுக்கவா?"

அவள் அவருடைய இடது கையைப் பார்த்தாள்.

"அந்தப் படம் இன்டர்நெட்ல வருமா?"

"வலைப்பூல ஏத்தணும். யார் வேணா பாக்கலாம்."

"அப்ப அந்த ஒண்ண மட்டும் மாத்திடு. மத்தியானம் எனக்கு ஒரு மணி நேரம் இடைவேளை. வந்து உக்காந்துர்றேன். கை ஆடாம ஒண்ணு எடுத்துக்கோ. உனக்கும் படம், எனக்கும் வேலை. சரியா?"

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நாற்பத்தேழு பிள்ளைகளை மட்டும் இரண்டு பேரும் கணக்கில் சேர்க்கவில்லை. நானும் பல விஷயங்களில் அப்படி இருந்திருக்கிறேன், அதனால் அவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

*

மத்தியானம் மீடியா அறை காலியாக இருந்தது. மேஜை கிட்டத்தட்ட வீட்டு மேஜையின் நிறம். கத்தியைக் கல்லூரிக்குள் கொண்டுவர முடியாது, ஆனால் அது வேறு ஷாட்தானே. இப்போது வேண்டியது ஓய்ந்திருக்கும் கை மட்டும்.

சட்டை ஒரு பிரச்சினையாக இருந்தது. படத்தில் வில்லன் பழுப்பு நிற ஸ்வெட்டர் போட்டிருந்தான். மால்கம் கம்பெனி நீலச் சீருடையில் வந்திருந்தார். ஜெம்மா தன் பழுப்பு கார்டிகனைக் கழற்றிக் கொடுத்தாள். அது அவருக்கு முழங்கைக்கு மேலே ஏறவில்லை.

"அங்கிள், மூச்சு விடாதீங்க, தையல் போயிடும்."

"மத்தவங்க யாரும் இத பாக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

"கைதானே வரப்போவுது. பூப்போட்ட பட்டன் பிரேம்ல வராது, பயப்படாதீங்க."

கிர்ஸ்டி அவர்களோடு சேர்ந்து சிரிக்கவில்லை. "ரெடி. கை அசையக் கூடாதுப்பா. ஓடுது."

முதல் டேக்கில் மூன்று விநாடி கை அப்படியே இருந்தது. பிறகு கட்டைவிரல் தொடங்கியது.

"கட். இன்னொண்ணு."

இரண்டாம் டேக்கில் அவர் கையை மேஜையில் அழுத்தினார். நரம்பு புடைத்து, விரல் முட்டி வெளுத்து, மேஜையே லேசாக அதிர்ந்தது.

"அங்கிள், டீ குடிக்கக் காத்திருக்கிற ஆளு. சுவத்தத் தள்ளுற ஆளு இல்ல" என்றாள் ஜெம்மா. "எனக்கு ஒண்ணு புரியல. அன்னிக்கு சூப்பரா ஆட்டினீங்க, சாரே விழுந்துட்டாரு. அத ஏன் மாத்துறோம்?"

"டைரக்டரம்மா உத்தரவு" என்றார் மால்கம்.

"வலது கையை வைக்கலாமே?" என்று கிர்ஸ்டி கேட்டாள்.

"அடுத்த ஷாட்ல கத்திய எடுக்கிறது இடது கை. காத்திருந்தது ஒருத்தன், கொன்னது இன்னொருத்தன்னு ஆயிடும். சார் முதல்ல அதத்தான் பிடிப்பாரு."

ஜெம்மா சொன்னது சரி. அவள் எப்போதும் கன்டினியூட்டியில் கெட்டிக்காரி.

மூன்று, நாலு, ஐந்து என்று போனது. ஒவ்வொரு முறையும் கிர்ஸ்டி, "ஆடுதுப்பா" என்றாள். ஒவ்வொரு முறையும் மால்கம், "சாரி கண்ணு, இன்னொண்ணு போவோம்" என்றார். ஐந்தாவது டேக்கில் அவருக்கு நெற்றியில் வேர்த்திருந்தது. மார்ச் மாதம், அறையில் ஹீட்டர்கூட இல்லை. வாழ்நாளில் அவள் தன் அப்பாவுக்கு உத்தரவு போட்டதில்லை. இப்போது போட்ட ஒரே உத்தரவும் அவரால் முடியாததாக இருந்தது. அவளுக்கு அவமானமாக இருந்தது. தன்னை நினைத்தா, அவரை நினைத்தா என்று பிரிக்க முடியவில்லை.

ஆறாவது டேக்கை அவள் பாதியில் நிறுத்தினாள்.

"போதும்பா."

"இன்னொண்ணு. இந்தத் தடவ வந்துரும்."

"வேண்டாம்பா. நான் பாத்துக்கிறேன்."

அவர் கார்டிகனை ஜாக்கிரதையாகக் கழற்றி, மடித்து, ஜெம்மாவிடம் கொடுத்தார். இடது கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு வெளியே போனார். மீதி இடைவேளையில் சாண்ட்விச்சைச் சாப்பிட்டாரா என்று எனக்குத் தெரியாது.

*

மூன்று மணிக்கு எடிட்டிங் கம்ப்யூட்டர்களுக்கு முன்னால் வகுப்பே கவிழ்ந்து கிடந்தது. பிக்கரிங் சார் ஒவ்வொருவர் தோளுக்குப் பின்னாலும் நின்று நகர்ந்தார். நல்ல மனிதர். நல்ல வேலையைப் பார்த்தால் அவருக்குக் கை பரபரக்கும், அவ்வளவுதான்.

கிர்ஸ்டியின் திரையில் ஏழாவது ஷாட் இருந்த இடம் கறுப்பாக இருந்தது. ஒன்பது விநாடி வெறும் இருட்டு. அதன்மேல் 'நடிப்பு' என்று பெயரில்லாத ஒரு டைட்டில் வரியும் கெட்டில் அடங்கும் சத்தமும்.

"என்ன இது? கை எங்க?"

"எடுத்துட்டேன் சார்."

"ஏன்? உன் படமே அதுதானே! கிர்ஸ்டி, நான் முப்பத்திரண்டு தொடக்கம் பாத்துட்டேன் இந்த வருஷம். முப்பத்தொண்ணுல எவனோ ஒருத்தன் காட்டுக்குள்ள ஓடுறான். இது ஒண்ணுதான்..." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "திருப்பிப் போடு. அந்த முடிவுக்கு எப்படி வந்தேன்னு ஆறாவது கேள்வில எழுது. ஏ கிரேடு அந்தப் பதில்லதான் இருக்கு."

"எழுதுறேன் சார்."

அவர் நகர்ந்ததும் அவள் எழுதினாள். ஆறாவது கேள்வி: உங்கள் படத்தில் எடுத்த முக்கியமான முடிவு எது, அதை ஏன் எடுத்தீர்கள்? மற்ற ஆறு கேள்விக்கும் அவள் பக்கம் பக்கமாக எழுதியிருந்தாள். கெட்டிலை ஏன் கீழிருந்து காட்டினாள், முகத்தை மறைத்தால் பார்ப்பவனுக்கு ஏன் பயம் வரும் என்றெல்லாம். முகத்தை மறைத்தபோது தான் எதைக் காட்டிவிட்டோம் என்பது மட்டும் எந்தப் பதிலிலும் இல்லை.

இதற்கு மட்டும் நாலு வரி எழுதினாள்.

'வகுப்பில் காட்டிய படத்தில் நடுங்கும் கை இருந்தது. அது என் யோசனை என்று சொன்னேன். அது பொய். நான் கேட்காமல் வந்ததை நான் வைத்துக்கொண்டேன். அதைக் காட்டலாமா என்று நடித்தவரிடம் கேட்கவில்லை, அதனால் நீக்கிவிட்டேன்.'

சார் திரும்பி வந்து படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"இது மார்க் வர்ற பதில் இல்ல, தெரியுமில்ல?"

"தெரியும் சார்."

"நடிச்சது யாரு?"

"சொல்ல முடியாது சார்."

சார் அதற்கு மேல் கேட்கவில்லை. மூன்று ஐம்பதுக்கு அவள் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டாள். ஆறு டேக்குகளையும் பழைய ஷாட்டையும் கம்ப்யூட்டரிலிருந்து அழித்தாள். யாராலும் இனி அதைப் பார்க்க முடியாது. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

*

நாலு பத்துக்கு பஸ் கல்லூரி வாசலில் நின்றது. கிர்ஸ்டி முதலில் ஏறினாள்.

"அந்தக் கைய எடுத்துட்டேன்பா. அழிச்சுட்டேன். யாரும் பாக்க மாட்டாங்க."

மால்கம் தலையாட்டினார். "மார்க்கு?"

"வரும், குறைச்சலா."

"தேங்க்ஸ், கண்ணு" என்றார். அவள் அவர் பின்னால் உட்கார்ந்தாள். அப்பா அவ்வளவு சின்னக் குரலில் பேசி அவள் கேட்டதில்லை.

படம் அழிந்தது, ஆனால் பார்த்தவர்கள் இருந்தார்களே. வியாழக்கிழமை வகுப்பில் இருந்த பதினாறு பேரில் ஒன்பது பேர் இந்த வண்டி. அது யார் கை என்று வண்டி முழுக்க ஜெம்மா சொல்லியிருந்தாள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தோழியின் அப்பா நடிப்பில் அவளுக்கு உண்மையாகவே பெருமை. கடைசி ஆள் ஏறி உட்கார்ந்ததும் பின்னாலிருந்து தொடங்கியது.

"மால்கம் அங்கிள்! அந்தக் கைய ஒரு தடவ காட்டுங்க!"

"கொலைகாரன் கை! கொலைகாரன் கை!"

சீட்டைத் தட்டிக்கொண்டு வண்டியே கூவியது. கிர்ஸ்டி எழுந்து, "நிறுத்துங்கடா" என்றாள். யாருக்குக் கேட்டது?

மால்கம் தொடைக்கு அடியிலிருந்து இடது கையை எடுத்தார். ஸ்டியரிங்மேல் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வைத்தார். சும்மா வைத்தார், அவ்வளவுதான். கை ஆடத் தொடங்கியது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உருட்டின.

விசில் பறந்தது. கைத்தட்டல். "அங்கிள், சினிமாவுக்குப் போயிடுங்க!" என்று ஒருவன். "எப்படி அங்கிள் அப்படியே செய்றீங்க!" என்று ஒருத்தி. நாற்பத்தாறு பேர் சிரித்த முகத்தோடு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மால்கம் கண்ணாடியில் அவர்களை முதல் சீட்டிலிருந்து கடைசி சீட்டுவரை பார்த்தார். தங்களை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய கை அதுதான் என்று அதில் ஒரு பிள்ளைக்கும் தோன்றவில்லை. ஒரு பிள்ளையும் பயப்படவில்லை. அது அவர் மேல் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை. இருபத்தேழு வருடத்தில் அவர் சம்பாதித்தது.

அவர் இன்ஜினை அணைத்தார். வலது கையால் ரேடியோ மைக்கை எடுத்தார்.

"டிப்போ, நாலாம் நம்பர் மால்கம் பேசுறேன். காலேஜ் வாசல்ல நிக்கிறேன். வேற டிரைவர் அனுப்பு."

டிப்போ கன்ட்ரோலில் இருந்த ப்ரெண்டா பதில் கொடுத்தாள். "வண்டில என்ன கோளாறு?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான். இடது கை ஆடுது."

பிள்ளைகள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இதுவும் நடிப்பு என்று நினைத்தார்கள். ஜெம்மாதான் முதலில் நிறுத்தினாள். அவள் எழுந்து முன்னால் வந்து, கிர்ஸ்டியின் முகத்தைப் பார்த்து, பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் கார்டிகனின் கையில் தையல் விட்டிருந்தது.

"இன்னிக்குத்தான் ஆரம்பிச்சுதா?" என்றாள் ப்ரெண்டா.

ஆமாம் என்று ஒரு சொல் போதும். வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம், திங்கட்கிழமை டாக்டரைப் பார்க்கலாம், ஒருவரும் அவரை ஒன்றும் கேட்க முடியாது. மால்கம் திரும்பி மகளைப் பார்த்தார். கிர்ஸ்டி தலையாட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. அவளுக்கு அந்த நொடியில் ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது, யாராவது தன் அப்பாவைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அவளே எழுந்து நின்று அந்த ஆடும் கையின்மேல் தன் கையை வைத்தாள்.

"இல்ல" என்றார் மால்கம். "எட்டு மாசமா."

வண்டிக்குள் சத்தம் அடங்கியது.

ரேடியோ சிறிது நேரம் இரைந்தது. பிறகு ப்ரெண்டாவின் குரல் வேறு மாதிரி வந்தது.

"மால்கம், மைக்க கீழ வை. இனிமே ஒரு வார்த்த பேசாத. எல்லா வண்டியும் கேட்டுக்கிட்டு இருக்கு."